ஆறு மீட்டர் தள்ளி: விண்கலத்துக்கு ஒரு காந்தமானி



இன்று மதியம் உங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் ஒரு மர அலமாரி. அதன் அடித்தட்டில் மூன்று விலகு காந்தமானிகள் தூசி படிந்து கிடந்தன. ஒன்றில் கண்ணாடி உடைந்திருந்தது. மற்ற இரண்டிலும் முள் நன்றாகவே ஆடியது. நான் இளநிலை படித்தபோது முதல் பருவத்திலேயே அந்தக் கருவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். டான் A நிலை, டான் B நிலை என்று இரண்டு சோதனைகள். தொடங்குவதற்கு முன்பே எங்கள் ஆசிரியர் கட்டளையிடுவார்: கைக்கடிகாரத்தைக் கழற்று, சாவிக்கொத்தை வெளியே வை, பக்கத்து மேசைக்காரனின் காந்தம் எங்கே இருக்கிறது என்று பார். அப்போது அது வெறும் கண்டிப்பாகத் தோன்றியது. விண்வெளிக்குக் காந்தமானி அனுப்புகிறவர்கள் பத்தாண்டுக் கணக்கில் செய்யும் வேலையின் சாரம் அந்த மூன்று கட்டளைகளில் அடங்கிவிடுகிறது என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். இன்றைய என் பேச்சு அதைப் பற்றியது.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் தென் மாவட்டத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. திசைகாட்டி முள்ளை அசைக்க அது போதும். சட்டைப்பைச் சாவியை இழுக்கப் போதாது. பூமியை விட்டு 15 லட்சம் கிலோமீட்டர் சூரியன் பக்கமாகப் போனால், சூரியக் காற்று சுமந்துவரும் புலம் சுமார் 5 நானோடெஸ்லாதான். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1, 2012 ஆகஸ்டில் சூரியனின் எல்லையைத் தாண்டி விண்மீன்களுக்கு இடையிலான வெளிக்குள் நுழைந்தபோது அளந்தது அரை நானோடெஸ்லாவுக்கும் குறைவு. இந்த மேடையில் இருக்கும் புலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு.

அவ்வளவு நுட்பமான உணரியைச் செய்வதுதான் கடினம் என்று எண்ணத் தோன்றும். அதுவும் கடினம்தான், அதைப் பற்றியும் பேசுவேன். ஆனால் அதைவிடப் பெரிய இடைஞ்சல் அந்த உணரியைச் சுமந்து செல்லும் கலமே. கலத்தில் மின்கலம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, சூரியத் தகடுகளிலிருந்து பல ஆம்பியர் மின்னோட்டம் வந்துகொண்டே இருக்கிறது. வானொலி அனுப்பியின் பெருக்கிக் குழாய்களுக்குள் நிலைக்காந்தங்களே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சின்னக் கணக்கு: பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தைச் சுற்றி ஓர் ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு மீட்டர் தொலைவில், அதன் அச்சில், அது உண்டாக்கும் புலம் 2 நானோடெஸ்லா. அளக்கப் போவது ஐந்து, கம்பியை அலட்சியமாக வளைத்த ஒரே இடத்திலிருந்து வரும் பொய் இரண்டு. ஒரு கலத்தில் அப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் உண்டு.

இங்கேதான் விலகு காந்தமானியின் வாய்ப்பாடு உதவிக்கு வருகிறது. அதில் தொலைவு மூன்றாம் படியில் வரும் என்பது நினைவிருக்கும். தொலைவு இரு மடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகும். அதே கம்பி வளையத்தை ஆறு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், இரண்டு நானோடெஸ்லா இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அதனால்தான் காந்தமானியைக் கலத்துக்குள் வைக்காமல் ஒரு நீண்ட கையின் நுனியில் வைக்கிறார்கள். 1963இல் நாசாவின் நார்மன் நெஸ், ஐ.எம்.பி.-1 செயற்கைக்கோளில் தம் உணரிகளைக் கைகளில் வைத்துத் தள்ளி நிறுத்தினார். பூமியின் காந்தப்புலத்துக்குச் சூரியனுக்கு எதிர்ப்புறம் ஒரு நீண்ட வால் உண்டு என்பதை அந்தக் கலம் காட்டிக்கொடுத்தது. வாயேஜரின் கை 13 மீட்டர். ஏவும்போது ஒரு மீட்டருக்கும் குறைவான உருளைப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்து, விண்வெளியில் நீண்டது. சனிக்குப் போன காசினிக்கு 11 மீட்டர்.

நம்முடைய சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா-எல்1க்கு 6 மீட்டர். கார்பன் இழை கலந்த பாலிமரால் ஆன ஐந்து துண்டுகள், கீல்களால் இணைக்கப்பட்டு மடங்கியிருந்தன. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய கலம், முன்பு சொன்ன அந்த 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள எல்1 புள்ளியைச் சுற்றும் பாதைக்கு 2024 ஜனவரி 6 அன்று போய்ச் சேர்ந்தது. ஐந்து நாள் கழித்து ஜனவரி 11 அன்று அந்தக் கையை விரிக்கக் கட்டளை போயிற்று. 132 நாள் மடங்கிக் கிடந்த கை ஏறத்தாழ 9 நொடியில் நீண்டு பூட்டிக்கொண்டது. செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அத்திட்டத்தின் இயக்குநர். காந்தமானியைச் செய்தது பெங்களூரில் உள்ள மின் ஒளியியல் அமைப்புகள் ஆய்வகம். ஏவுதலை நேரலையில் பார்த்துக் கைதட்டிய நம்மில் பலர் அந்த ஒன்பது நொடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். கீல் ஒன்று சிக்கியிருந்தால் இரண்டு உணரிகளும் கலத்தின் விலாவோடு ஒட்டிக் கிடந்திருக்கும். சரிசெய்ய யாரும் அங்கே போக முடியாது.

ஏன் இரண்டு உணரிகள்? ஒன்று 3 மீட்டரில், மற்றது 6 மீட்டரில். சூரியக் காற்றின் புலம் இரண்டுக்கும் ஒன்றே. கலத்தின் புலம் மட்டும் உள்ளே இருப்பதற்கு எட்டு மடங்கு, வெளியே இருப்பதற்கு ஒரு மடங்கு. இரண்டு அளவுகளையும் கழித்தால் கலத்தின் பங்கில் ஏழு மடங்கு கையில் கிடைக்கும். ஏழால் வகுத்தால் எவ்வளவு பொய் கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எட்டாம் வகுப்பு இயற்கணிதம்தான். இதை முறையாக வகுத்துக் கொடுத்தவர்களும் நெஸ்ஸும் அவருடைய தோழர்களுமே, 1970களின் தொடக்கத்தில். உண்மையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. கலம் ஒற்றைக் காந்தம்போல நடந்துகொள்ளாது, அதிலும் கிட்டத்தில் நடந்துகொள்ளவே கொள்ளாது. ஆனாலும் இந்த முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஐரோப்பியர்கள் வெள்ளிக் கோளுக்கு அனுப்பிய வீனஸ் எக்ஸ்பிரஸ் காந்தச் சுத்தம் பார்த்துக் கட்டிய கலம் அன்று; அதன் கையும் ஒரு மீட்டர்தான். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துக் குழு இரண்டு உணரிகளை வைத்துக்கொண்டு, கலத்தில் எந்தக் கருவி எப்போது முடுக்கப்பட்டது, எப்போது அணைக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத்தான் வெள்ளியின் புலத்தை மீட்டது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது கட்டும்போதே செய்திருக்க வேண்டிய உழைப்பு என்பது என் துணிபு.

கட்டும்போது செய்யும் உழைப்பைக் காந்தத் தூய்மை என்று சொல்லலாம். போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கியே இருக்க வேண்டும். அப்போது இரண்டின் புலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சூரியத் தகட்டின் முதுகுப்பக்கம் கம்பிகளை எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும். நிலைக்காந்தம் தவிர்க்க முடியாத இடத்தில் அதற்கு எதிராக இன்னொன்றை வைக்க வேண்டும். உணரிக்குப் பக்கத்தில் திருகாணி, வளையம், பற்றாசு, இணைப்பூசிமேல் பூசிய முலாம் வரை ஒவ்வொன்றும் சோதனைக்கு உள்ளாக வேண்டும். முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருந்தால்கூடப் போச்சு.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய கல்லூரியில் முதுநிலை மாணவர்கள் நால்வரோடு சேர்ந்து ஒரு சிறு காந்தமானி செய்ய முனைந்தோம். உணரியைப் பொருத்த எவர்சில்வர் கம்பி வாங்கிவந்தோம். கடையிலேயே காந்தத்தை வைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. பட்டறையில் மரையிட்டுத் திருகாணி ஆக்கினோம். பொருத்தினோம். அதற்குப் பிறகு உணரி காட்டிய அளவில் பல நூறு நானோடெஸ்லா வேறுபாடு வந்தது. மின்சுற்றைச் சந்தேகித்தோம், சுருளைப் பிரித்துச் சுற்றினோம், மூன்று வாரம் போயிற்று. ஒரு மாணவி திருகாணியைக் கழற்றித் திசைகாட்டி முள்ளருகே கொண்டுபோனாள். முள் திரும்பியது. அந்த வகை எவர்சில்வர் வாங்கும்போது காந்தப் பண்பு இல்லாததுதான். குளிர்ந்த நிலையில் அதை வெட்டி நசுக்கி மரையிடும்போது அதன் படிக அமைப்பே மாறிக் காந்தத்தை ஏற்கும் உலோகமாகிவிடுகிறது. உலோகவியல் புத்தகத்தில் இருக்கிற செய்தி; இயற்பியல் படித்த நாங்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை. பிறகு பித்தளைக்குப் போனோம். பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்த பித்தளையில் இரும்புக் கலப்பு இருக்கும் என்பதை அங்கே கற்றோம். கடைசியில் ஒவ்வொரு திருகாணியையும் தனித்தனியாக முள்ளருகே காட்டித் தேர்ந்தெடுத்தோம். விண்கலக் கூடங்களில் டைட்டானியம் திருகாணிகளையும், இரும்பு கலவாத பெரிலியம்-செம்புக் கருவிகளையும் பயன்படுத்துகிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம் அந்த மூன்று வாரம் நினைவுக்கு வருகிறது.

இனி உணரிக்கு வருவோம். விண்வெளியில் மிகுதியும் பயன்படுவது ஃப்ளக்ஸ்கேட் என்னும் வகை. 1930களில் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் விமானத்திலிருந்து நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க உதவிய கருவி. 1958இல் சோவியத்தின் ஸ்புட்னிக் 3 அதை விண்ணுக்குக் கொண்டுபோனது. மறு ஆண்டே லூனா கலங்கள், நிலவுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான காந்தப்புலம் இல்லை என்று காட்டின.

அதன் நடுவில் பெர்மலாய் என்னும் நிக்கல்-இரும்புக் கலவையின் மெல்லிய நாடா, மோதிரம்போலச் சுற்றப்பட்டிருக்கும். அந்த மோதிரத்தின்மேல் ஒரு கம்பிச்சுருள். அதில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை உலோகம் தெவிட்டிப் போகும். தெவிட்டாத நேரத்தில் அது சுற்றியுள்ள புலக்கோடுகளைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. தெவிட்டியதும் வெளியே விட்டுவிடுகிறது. மதகு திறந்து மூடுவதுபோல. ஒரு சுழற்சிக்கு இருமுறை திறந்து மூடுவதால், மோதிரத்தைச் சூழ்ந்த இன்னொரு வெளிச்சுருளில் கிடைக்கும் சைகை செலுத்திய அதிர்வெண்ணைப்போல இரு மடங்கு அதிர்வெண்ணில் வரும். வெளியில் புலமே இல்லாவிட்டால் அந்தச் சைகையும் இல்லை. நாம் செலுத்தியது வேறு அதிர்வெண், வெளிப்புலத்தால் வந்தது வேறு அதிர்வெண் என்று பிரித்துவிட முடிவதே இந்தக் கருவியின் மூளை.

அந்தச் சைகையை அப்படியே அளப்பதும் இல்லை. பொற்கொல்லர் தராசை நினைத்துப் பாருங்கள். தட்டு எவ்வளவு சாய்ந்தது என்று அவர் அளப்பதில்லை. முள் நடுவில் நிற்க எத்தனை குன்றிமணி வைக்க வேண்டியிருந்தது என்றே பார்ப்பார். இங்கும் அப்படியே. வெளிப்புலத்தைச் சரியாக ஈடுகட்டும்படி ஒரு சுருளில் மின்னோட்டத்தை அனுப்பி, மோதிரம் இருக்கும் இடத்தில் புலத்தைச் சுழியாக்குகிறார்கள். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டதோ அதுவே அளவு. மூன்று அச்சுக்கும் இதே ஏற்பாடு.

கருவியின் தரம் எங்கே தீர்மானமாகிறது என்றால், அந்த நாடாவில். உலோகத்துக்குள் இருக்கும் காந்தத் திட்டுகள் திசை மாறும்போது வழுக்கிக்கொண்டு மாறாமல் துள்ளித் துள்ளி மாறினால் அதுவே இரைச்சல். நாடாவின் கலவை, தடிமன், உருட்டிய விதம், ஆயிரம் டிகிரிக்கு மேல் வைத்துப் பதப்படுத்திய சூளையின் வாயு, எத்தனை மணி நேரம், எவ்வளவு மெதுவாக ஆறவிட்டார்கள் என்பது வரை எல்லாம் கணக்கில் வரும். அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். கடற்படைக்காக 1960களில் மிக அருமையான மோதிர உள்ளகங்களைச் செய்தார்கள். நாசாவின் கலங்கள் பல பத்தாண்டுகள் அந்தக் கையிருப்பை எடுத்தே பிழைத்தன. செய்தவர்கள் ஓய்வு பெற்றார்கள், நிறுவனம் மறைந்தது, கைப்பக்குவம் எழுதிவைக்கப்படவில்லை. கையிருப்பு குறையக் குறையத்தான் இனி என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அயோவா பல்கலைக்கழகத்தின் டேவிட் மைல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் தூள் உலோகத்திலிருந்து தொடங்கி, உருக்கி, உருட்டி, சூளையிலிட்டு, சோதித்து, மறுபடி கற்றார்கள். அவர்கள் செய்த புது வகைக் காந்தமானி 2025 ஜூலையில் டிரேசர்ஸ் கலத்தோடு விண்ணுக்குப் போனது. சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நாடு ஒரு மோதிரத்தைச் செய்யும் விதத்தை மறந்துபோயிருந்தது. நம் நாட்டில் எந்தெந்தப் பக்குவங்கள் யார் யார் கையோடு போய்க்கொண்டிருக்கின்றன என்று எண்ணும்போது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

செய்து முடித்தபின் சுழிப்பிழை. வெர்னியர் அளவியில் நீங்கள் முதலில் பார்க்கும் அதே சுழிப்பிழைதான். புலமே இல்லாதபோதும் கருவி ஏதோ ஒரு சிறு எண்ணைக் காட்டும். ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்துத் திருத்தம் போட்டுவிடலாம். ஆனால் ஆண்டுகள் போகப்போக, வெயிலும் நிழலும் மாறமாற, அது நகரும். விண்வெளியில் கருவியைக் கொண்டுபோய் வைக்கச் சுழிப்புலமுள்ள பெட்டி எங்கே கிடைக்கும்? கலத்தையே உருட்டுகிறார்கள். வெளிப்புலம் உருளாது, கருவியின் பிழை கலத்தோடு சேர்ந்து உருளும், இரண்டும் பிரிந்துவிடும். உருட்ட முடியாத காலத்தில் சூரியக் காற்றே கைகொடுக்கிறது. அதன் புலம் பல நேரங்களில் பருமன் மாறாமல் திசையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும். சுழிப்பிழை தவறாக இருந்தால் பருமனும் மாறுவதுபோலத் தோன்றும். எந்தத் திருத்தத்தைப் போட்டால் பருமன் மாறாமல் நிற்கிறதோ அதுவே சரியான திருத்தம். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அளக்கப்படும் பொருளே அளவுகோலைத் திருத்திக் கொடுக்கிறது.

பூமியைச் சுற்றும் கலங்களுக்கு வேறு தொல்லை. அங்கே புலம் பெரிது. ஆகவே உணரி எந்தத் திசையை நோக்குகிறது என்பதில் ஒரு கோண நிமிடம் பிசகினாலும் 40,000இல் 12 நானோடெஸ்லா பொய் சேரும். 1999இல் டென்மார்க் அனுப்பிய எர்ஸ்டெட், 2013இல் ஐரோப்பியர்கள் அனுப்பிய மூன்று ஸ்வார்ம் கலங்கள் ஆகியவற்றில் விண்மீன்களைப் பார்த்துத் திசை அறியும் கேமராவை உணரிக்கு அருகிலேயே, ஒரே சட்டத்தில் வைத்தார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கதை சொல்கிறேன். 2005 பிப்ரவரி 17 அன்று காசினி, சனியின் எஞ்செலடஸ் என்னும் சிறு துணைக்கோளைச் சுமார் 1,260 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. குறுக்களவு 500 கிலோமீட்டர்தான் இருக்கும் பனி உருண்டை அது. பெரிதாக எதையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் காந்தமானியின் பதிவில் சனியின் புலக்கோடுகள் அந்த உருண்டையை நெருங்குமுன்பே வளைந்திருந்தன, எதிரே ஏதோ வாயு மண்டலம் தடுப்பதுபோல. மார்ச் 9 அன்று 500 கிலோமீட்டரில் கடந்தபோதும் அதே வளைவு. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மிஷெல் டவுர்ட்டி அந்தக் கருவியின் தலைவர். அடுத்த கடப்பை 1,000 கிலோமீட்டரில் வைத்திருந்தார்கள். அதை இன்னும் நெருக்கமாக வையுங்கள் என்று அவர் வாதாடினார். படம் இல்லை, கண்ணால் கண்ட சாட்சி இல்லை. கோட்டில் ஒரு வளைவு மட்டுமே கையில். காசினி 2005 ஜூலை 14 அன்று சுமார் 170 கிலோமீட்டரில் பாய்ந்தது. தென்துருவத்தில் வெம்மையான பிளவுகள், அவற்றிலிருந்து பீறிடும் நீராவி. நவம்பரில் வந்த படங்களில் அந்த ஊற்றுகளைக் கண்ணாலேயே கண்டார்கள். பனிக்கடியில் கடல் இருக்கிறது என்பதும், உயிர் தேடத் தக்க இடங்களில் அது ஒன்று என்பதும் அதன்பின் விரிந்த செய்திகள்.

தன் கருவியின் சுழிப்பிழை எவ்வளவு, கலத்தின் பங்கு எவ்வளவு என்று எண்ணால் சொல்ல முடிந்ததால்தான் அந்த வளைவு கலத்திலிருந்து வந்ததன்று என்று டவுர்ட்டியால் அடித்துச் சொல்ல முடிந்தது. முறுக்கிய கம்பியும் தேர்ந்தெடுத்த திருகாணியும் அந்த வாதத்துக்குப் பின்னால் நின்றன. அதே ஆண்டு நவம்பரில் காசினியின் இரண்டு காந்தமானிகளுள் கைநுனியில் இருந்த ஹீலியம் வகைக் கருவி நின்றுபோயிற்று. நடுவில் இருந்த ஃப்ளக்ஸ்கேட் ஒற்றையாக 2017 செப்டம்பர் 15 வரை, கலம் சனிக்குள் விழும் நாள் வரை, வேலை செய்தது.

வியாழனின் யூரோப்பாவுக்கும் ஏறத்தாழ இதே கதை. கலிலியோ கலத்தின் காந்தமானியை வைத்து மார்கரெட் கிவெல்சன் குழு பனிக்கடியில் உப்புநீர்க் கடல் இருப்பதற்குச் சான்று காட்டியது. அதைத் தொடர்ந்து 2024 அக்டோபரில் யூரோப்பா கிளிப்பர் கிளம்பியிருக்கிறது. அதற்கென முதலில் வடிவமைத்த காந்தமானியைச் செலவு கைமீறியதால் 2019இல் நாசா கைவிட்டு, எளிய ஃப்ளக்ஸ்கேட் உணரிகளைக் கொண்ட கருவியைத் தேர்ந்தது. அந்த முடிவு சரியே என்பது என் கருத்து. சுத்தமான கலத்தில் 8.5 மீட்டர் கையில் நிற்கும் எளிய கருவி போதும்.

மாணவர்களே, பூமியின் காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகில் ஓடுகிறது. அதற்காகவே தும்பாவைத் தேர்ந்து 1963இல் ஏவுதளம் அமைத்தார்கள். தொடக்க கால ராக்கெட்டுகளில் காந்தமானிகள் போயின. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? ஒருமுறை போய் வாருங்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம். விளையாட்டுத் திடலுக்கு அப்பால், பேருந்துச் சாலையிலிருந்து விலகி, பனைமரங்களுக்கு நடுவே உங்களுக்குக் கொஞ்சம் காலி நிலம் கிடக்கிறது. அங்கே மூங்கிலும் பனையோலையும் கயிறும் கொண்டு, ஓர் இரும்பு ஆணிகூட இல்லாத கொட்டகை ஒன்று கட்டிக் கொடுங்கள். உள்ளே மூன்று சோடிச் சுருள்கள், ஒரு மரமேசை. மாணவர்கள் மோதிரம் சுற்றி, சுழிப்பிழை கண்டு, மூன்று அச்சும் செங்குத்தாக இருக்கின்றனவா என்று பார்க்க அது போதும். அலமாரியில் கிடக்கும் அந்த மூன்று விலகு காந்தமானிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். திருகாணி தேர்ந்தெடுக்க அவையே உதவும். இன்றைய சொற்பொழிவுக்காக நீங்கள் எனக்கு அளித்த மதிப்பூதியத்தை அந்தக் கொட்டகைக்கு முதல் தொகையாக முதல்வரிடம் ஒப்படைக்கிறேன். ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.